ஏமாற்றலும் ஏமாற்றமும்: ஒரு வினைச்சொல்லின் பெயர்ப்பும் அதன் சமூக வரலாறும்

1

மொழிபெயர்ப்பு என்பது ஒரு மொழியின் சொல்லுக்கு ஈடாக மற்றொரு மொழியின் சொல்லை நிறுத்தும் அகராதித் தொழிலே என்னும் கருத்து நம்மிடையே இன்றும் வலுவுடன் நிலவுகின்றது. சொற்கள் யாவும் பொருள்களின் பெயர்களாகவே இருப்பின் இக்கருத்து ஓரளவு பொருந்தும். ஆனால் மனிதருக்கும் மனிதருக்குமிடையே நிலவும் உறவுகளைச் சுட்டும் சொற்கள், அதிலும் சிறப்பாக ஒருவர் மற்றொருவர்மீது செய்யும் செயலைச் சுட்டும் வினைச்சொற்கள், அத்துணை எளிதில் இடம் மாறுவனவல்ல. செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார், அச்செயலைக் குற்றமென்று பெயரிடும் உரிமை எவரிடம் இருந்தது என்னும் வினாக்கள் அவற்றுள் உறைந்து கிடக்கின்றன. அத்தகைய ஒரு வினைச்சொல்லை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலத்தில் 'டிசீவ்' எனப்படுவதும், அதன் இனச்சொல்லான 'சீற்' என்பதுமே நாம் கருதுவன.

இவ்வினா எம்மிடம் எழுந்தது நூலகத்திலன்று, மட்டக்குளியில். களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தின் தென்புறத்தே, கொழும்பு நகரின் வட எல்லையில் அமைந்த மட்டக்குளி, துறைமுகத்தையும் கடலையும் சிறுதொழில்களையும் நம்பி வாழும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நெருங்கி உறையும் பகுதி. சில காலத்துக்கு முன்னர் அங்குள்ள சிறு வாசகர் வட்டம் ஒன்றில், கப்பல் வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் ஆட்திரட்டும் முகவர்களைப் பற்றிய எச்சரிக்கைப் பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. அதன் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் ஸ்பானிய மொழியிலும் அமைந்திருந்தது. பொருள் இதுதான்: ஊரில் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பம் பெறப்படுகின்றது, சென்றடைந்த இடத்தில் குறைந்த சம்பளமும் கூடிய வேலைநேரமும் கொண்ட வேறோர் ஒப்பந்தம் நீட்டப்படுகின்றது. முகவருக்கெனக் கொடுத்த பணம் வட்டிக்கு எடுத்த பணம். ஆதலால் அத்தொழிலாளி மறுக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

எமது முதல் வரைவில் 'இவ்வாறு பல தொழிலாளர் ஏமாற்றமடைகின்றனர்' என்ற வாக்கியம் இடம்பெற்றிருந்தது. படித்துக் காட்டியபோது, தீவுப்பகுதியிலிருந்து இளவயதிலேயே கொழும்புக்கு வந்து துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் குறுக்கிட்டார். "ஏமாற்றம் எண்டால் மழை பெய்யாததுக்கும் அதைத்தானே தம்பி சொல்லுறது? இவங்கள் பேய்க்காட்டிப் போட்டாங்கள் எண்டெல்லோ எழுத வேணும்" என்றார். அவருடைய பேரன் அவ்வாறு சென்று கடனோடு திரும்பியவன் என்பதை நாம் பின்னரே அறிந்தோம்.

அம்முதியவரின் திருத்தம் வெறும் நடைத்திருத்தமன்று. அது ஒரு கோட்பாட்டுத் திருத்தம். அதனை விளக்குவதற்கு முதலில் சொற்களையும், பின்னர் அச்சொற்கள் வழங்கிய வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

2

பிரசுரத்தின் ஸ்பானியப் பக்கத்தை, பல்லாண்டு கப்பலில் பணியாற்றி அம்மொழியைப் பேச்சளவில் அறிந்திருந்த ஒருவர் எமக்குப் படித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் 'டிசீவ்' என்றிருந்த இடத்தில் அங்கு 'எங்ஙன்யார்' என்ற வினை நின்றது. முகவர் பணம் பறித்ததைச் சொல்லுமிடத்தில் 'எஸ்தாஃபார்' என்ற வேறொரு வினை நின்றது. ஆங்கிலச் சொல்லோடு ஒலியாலும் வேராலும் மிக நெருங்கிய 'தெசெப்ஸியோனார்' என்ற சொல் ஸ்பானிய மொழியில் இருந்தும், அது எங்கும் பயன்படுத்தப்படவில்லை. காரணம் யாது?

இலத்தீன் மொழியில் 'பிடித்துக்கொள்ளல், பொறியில் அகப்படுத்தல்' என்ற பொருளிலிருந்து பிறந்த ஒரு வினையே ஆங்கிலத்தின் 'டிசீவ்' என்பதற்கும் ஸ்பானியத்தின் 'தெசெப்ஸியோனார்' என்பதற்கும் மூலம். ஆயினும் இரண்டும் இரு வேறு பாதைகளிற் சென்றன. ஆங்கிலச் சொல் வஞ்சிக்கும் செயலையே தொடர்ந்து குறித்தது. ஸ்பானியச் சொல்லோ இன்றைய பொதுவழக்கில் மனமுடையச் செய்தலை, எதிர்பார்ப்புக் கைகூடாது போதலைக் குறிக்கின்றது. அதன் பெயர்வடிவத்துக்கு வஞ்சனை என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றனவாயினும், மக்கள் வழக்கில் முந்துவது மனத்துயரே. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கு மொழிபெயர்க்கப் புகும் மாணவர் இவ்வொலியொப்புமையை நம்பி இடறுவது வழக்கம். ஒருவன் தன்னை வஞ்சித்தான் என்று முறையிட எண்ணுபவர், அவன் தன் மனத்தை வாடச்செய்தான் என்று சொல்லிவிடுகின்றார். முறைப்பாடு புலம்பலாகிவிடுகின்றது.

'சீற்' என்ற மற்றைய ஆங்கில வினையின் வரலாறு இன்னும் கூர்மையானது. நிலமானியச் சட்டத்தில் 'எஸ்சீற்' என்றொரு வழக்கு உண்டு. வாரிசின்றி இறந்த குடியின் நிலம் அதன் மேலாண்டைக்கு, ஈற்றில் அரசனுக்கு, மீளும் என்பதே அது. அவ்வாறு மீளும் நிலங்களைக் கணக்கெடுக்க இங்கிலாந்தில் அலுவலர் நியமிக்கப்பட்டனர். அவர்கள் வாரிசு உள்ள நிலங்களையும் இல்லாதவையெனக் கைப்பற்றியமை மக்களிடையே பெற்ற அவப்பெயரே, அச்சட்டச் சொல்லின் தலைகுறைந்த வடிவமான 'சீற்' என்பதற்கு வஞ்சித்தல் என்ற பொருளை ஈட்டிக்கொடுத்தது. ஆட்சியாளரின் சட்டம் உரிமை என்று அழைத்ததை, நிலமிழந்தோர் வஞ்சனை என்று மொழிபெயர்த்தனர். ஸ்பானிய 'எஸ்தாஃபார்' என்பதோ, குதிரைச் சேணத்தின் அங்கவடியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததென்பர். அங்கவடியிலிருந்து கால் நழுவிய குதிரைவீரனின் நிலையே, கடன் கொடுத்துக் கைவிடப்பட்டவனின் நிலைக்கு உவமையாயிற்று. இன்றைய ஸ்பானியத் தண்டனைச் சட்டத்தில் இச்சொல் குற்றத்தின் பெயர். 'எங்ஙன்யார்' என்பதன் பெயர்வடிவம் அக்குற்றத்தின் கருவி.

இனித் தமிழை நோக்குவோம். ஆங்கிலம் 'சீற்' என்ற ஒரு வினையால் ஆளுமிடங்களில் நாம் பல சொற்களை ஆளுகின்றோம். பிள்ளைகள் விளையாட்டில் செய்வது 'அளாப்புதல்', பரீட்சையிற் செய்வது 'கொப்பியடித்தல்', வணிகத்திற் செய்வது 'சுத்துமாத்து', நீதிமன்றத்தில் அது 'மோசடி', இலக்கியத்தில் 'வஞ்சனை', உறவில் 'துரோகம்'. ஈழத்துப் பேச்சுவழக்கில் இவை பலவற்றுக்கும் பொதுவாக நிற்கும் வினை 'பேய்க்காட்டுதல்'. பேயன் என்பது அறிவிலியைக் குறிக்கும் வழக்கை நோக்கின், பேய்க்காட்டுதல் என்பது ஒருவனைப் பேயனாக்கிக் காரியம் சாதித்தல் எனப் பொருள்படுவது தெளிவாகும்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் எழுத்துத்தமிழின் பொதுச்சொல்லாக நிற்பது 'ஏமாற்று' என்பது. மாறு, மாற்று, தேறு, தேற்று, ஏறு, ஏற்று என்பனபோல ஏமாறு, ஏமாற்று என்பதும் தன்வினை, பிறவினை இணையாகும். ஸ்பானியத்தில் 'எங்ஙன்யார்' என்ற பிறவினையே அடிப்படை. அதனோடு தற்சுட்டு இடைச்சொல் சேரும்போதுதான் 'தானே தவறாக எண்ணிக்கொள்ளல்' என்ற பொருள் பிறக்கின்றது. அங்கே வஞ்சிப்பவன் முன், தவறுபவன் பின். தமிழிலோ ஏமாறுபவன் முன். ஏமாற்றுபவன் அவனிலிருந்து இலக்கண முறையாற் பிறப்பவன். இதனைக்கொண்டு தமிழர் இயல்பாகவே பாதிக்கப்பட்டோரைப் பழிப்பவர் என்று முடிவுகட்டுவது அபத்தம். இலக்கண அமைப்பு எவருடைய மனப்பாங்கையும் தீர்மானிப்பதில்லை. ஆயினும் அமைப்பு ஒரு வாய்ப்பை வழங்குகின்றது. அவ்வாய்ப்பை எவர் எப்போது பயன்படுத்துகின்றனர் என்பதே சமூக வரலாற்றின் வினா.

இவ்விணையிலிருந்து பிறந்த 'ஏமாற்றம்' என்ற பெயர்ச்சொல்லின் நிலையே இங்கு மிகவும் மனங்கொள்ளத்தக்கது. அது வஞ்சனையையும் குறிக்கும். எதிர்பார்த்தது கிட்டாத மனவாட்டத்தையும் குறிக்கும். இன்றைய செய்தித்தாள் தமிழில் பின்னைய பொருளே மேலோங்கியுள்ளது. அதாவது ஸ்பானியத்தில் 'தெசெப்ஸியோனார்' சென்ற அதே வழியில் தமிழில் 'ஏமாற்றம்' சென்றுள்ளது. தொடர்பற்ற இரு மொழிகளில் ஒரே திசையில் நிகழ்ந்த இந்நகர்வு தற்செயலானதாயினும், அதன் விளைவு ஒன்றே: செயல் உணர்வாகின்றது, செய்தவன் மறைகின்றான்.

3

ஸ்பானியம் நமக்குத் தொலைமொழியாயினும், அதன் உடன்பிறந்த மொழியாகிய போர்த்துக்கேயம் கொழும்புக் கரையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அதிகாரத்தின் மொழியாகவும், அதன்பின்னரும் நெடுங்காலம் வணிகத்தின் பொதுமொழியாகவும் வழங்கியது. அலுமாரி, மேசை, சப்பாத்து, பாண் என்பவற்றோடு ஏலம், கடதாசி, தோம்பு என்பனவும் அம்மொழி நமக்கு விட்டுச்சென்றவையே. சொத்தைப் பதிவதற்கும் விற்பதற்குமான கருவிகள் அவற்றின் பெயர்களோடு வந்திறங்கின. 1679 இல் அந்தாவோ தெ புரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி சேரநாட்டு அம்பலக்காட்டில் அச்சேறியதும், அதன் படியொன்றை வத்திக்கான் நூலகத்திற் கண்ட நம் தனிநாயகம் அடிகளார் 1966 இல் அதனைக் கோலாலம்பூரில் நிழற்பதிப்பாக வெளிக்கொணர்ந்ததும் இம்மொழியுறவின் மறக்கலாகாத சான்றுகள். சமயத்துறையில் இவ்வுறவு அகராதிகளை ஈன்றது. அரசியலில் அது ஈன்றது வேறொன்று.

1638 மே 23 ஆம் நாள், மட்டக்களப்பில், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தளபதி வெஸ்டர்வோல்டுக்குமிடையே உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தர் உதவுவர். போர்ச்செலவை அரசன் கறுவாவும் பிற விளைபொருளும் கொண்டு ஈடுசெய்வான். அவற்றின் வணிகத்தில் ஒல்லாந்தர் தனியுரிமை பெறுவர். இரு தரப்பும் போர்த்துக்கேயரை எதிர்த்துச் செய்த இவ்வுடன்படிக்கை போர்த்துக்கேய மொழியிலேயே எழுதப்பட்டது என்பது வரலாற்றின் முரண்நகை. இரு தரப்புக்கும் பொதுவான மொழி அதுவே. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிறுத்தப்படுவது பற்றி அதன் 3 ஆம் பிரிவு கூறிற்று. அரசன் கையிலிருந்த படியில், அவ்வாறு நிறுத்துவது அரசனின் விருப்பத்துக்கு உட்பட்டது என்னும் நிபந்தனை இருந்தது. பத்தாவியாவிலிருந்த தலைமைக்கு அனுப்பப்பட்ட ஒல்லாந்தமொழிப் படியில் அந்நிபந்தனை இல்லை.

ஒரு நிபந்தனைத் தொடர். அது ஒரு படியில் உண்டு, மற்றதில் இல்லை. இதன் விளைவு 1656 இல் மட்டக்குளிக்கு அணித்தே வெளிப்பட்டது. 1655 இன் பிற்பகுதியிற் தொடங்கிய கொழும்பு முற்றுகை, நகருக்குள் கொடும் பஞ்சத்தை விளைத்து, ஏழு மாதமளவில் நீடித்து, 1656 மே 12 இல் முடிவுற்றது. சரணடைவின் விதிகளை ஒல்லாந்தரும் போர்த்துக்கேயருமே பேசி முடித்தனர். கொழும்பு தன்னிடம் ஒப்படைக்கப்படுமென எதிர்பார்த்திருந்த அரசனுக்கு நகரின் வாயில்கள் அடைக்கப்பட்டன. போர்ச்செலவு தீர்க்கப்படவில்லை, ஆதலால் கோட்டைகள் ஈடாக எம்மிடமே இருக்கும் என்பதே ஒல்லாந்தர் முன்வைத்த வாதம். வெகுண்ட அரசன் கொழும்பைச் சூழ்ந்த நாட்டை வெறுமையாக்கிவிட்டு மலைநாட்டுக்கு மீண்டான். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்களிடையே வழங்கும் பழமொழி இதனையே சுட்டுகின்றது.

இந்நிகழ்ச்சியை நம் பாடநூல் நடையில் எழுதுவோர், 'கொழும்பு கிடைக்காமையால் அரசன் ஏமாற்றமடைந்தான்' என்று எழுதுவது இயல்பு. அவ்வாக்கியம் பொய்யன்று; ஆனால் அது உண்மையைச் சொல்லவுமில்லை. ஏமாற்றமடைவதற்கு ஓர் அரசன் போதும். ஏமாற்றப்படுவதற்கு இரண்டு கடதாசிகள் வேண்டும். ஒன்றை எழுதியவன் மற்றதை அறிந்திருத்தல் வேண்டும். கே. டபிள்யூ. குணவர்தன, சின்னப்பா அரசரத்தினம் ஆகியோரின் நூல்கள் 1958 இல் வெளிவந்து, ஒல்லாந்த ஆவணங்களை நேரிற் கண்டு இக்காலத்தை ஆராய்ந்தபோது, நம் வரலாற்றெழுத்து மன்னரின் மனநிலையிலிருந்து கம்பனியின் நடைமுறைக்கு நகர்ந்தது. வினைச்சொல்லின் எழுவாயை மீட்டெடுத்தமை அவ்வாய்வுகளின் பயன்களுள் ஒன்று எனலாம்.

இதனாலேயே இராஜசிங்கனைக் களங்கமற்ற பலியாளாகக் காட்டிவிடலாகாது. ஓர் ஐரோப்பியரை மற்றோர் ஐரோப்பியரைக்கொண்டு அகற்ற எண்ணிய அவனும் தன் வகையிற் சூழ்ச்சி அறிந்தவனே. அவன் ஈடாகக் கொடுக்க உடன்பட்ட கறுவா, அவன் கையால் உரித்த கறுவாவுமன்று. காட்டிற் கறுவா உரித்து இறையாகச் செலுத்தும் கடப்பாடு சாதியடிப்படையில் ஒரு மக்கட்பிரிவின் மீது சுமத்தப்பட்டிருந்தது. அவர்களின் விருப்பத்துக்கு உட்பட்டது என்ற நிபந்தனை இரு படிகளில் எதிலும் இல்லை. இரு ஆளும் தரப்புகளின் உடன்படிக்கையில் எத்தரப்பு எத்தரப்பை ஏமாற்றியது என்ற வினாவுக்குக் கீழே, அவ்வுடன்படிக்கையே எவர் உழைப்பின்மேல் எழுதப்பட்டது என்ற வினா கிடக்கின்றது.

4

வஞ்சனை என்பதற்கு இன்று வழங்கும் சட்ட வரையறை பிரித்தானியர் வழி வந்தது. மக்கோலே 1837 இல் வரைந்து முடித்து, 1860 இல் நிறைவேறி, 1862 இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையின் 415 ஆம் பிரிவு, 'சீற்' என்பதை வரையறுத்தது. அதனைத் தழுவி 1883 இல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை ஆக்கப்பட்டது. இங்கு அது 398 ஆம் பிரிவு. ஒருவரை ஏய்த்து, அதனால் அவர் தம் பொருளைக் கையளிக்கவோ தமக்குத் தீங்கு விளையும் செயலைச் செய்யவோ தூண்டுவது குற்றம் என்பதே அதன் சாரம். இந்தியாவில் 420 ஆம் பிரிவின் எண்ணே பேச்சுவழக்கில் வஞ்சகனுக்குப் பட்டப்பெயராயிற்று. 2024 யூலையில் அக்கோவை நீக்கப்பட்டு வேறு சட்டம் வந்த பின்னரும் அப்பட்டப்பெயர் மறையவில்லை.

இந்தியக் கோவை தன் வரையறைகளை எடுத்துக்காட்டுகளால் விளக்குவது. 415 ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று அவுரி பற்றியது. அவுரிச்செடி தருவதாகச் சொல்லி, தரும் எண்ணமின்றி ஒருவன் மற்றொருவனிடம் முற்பணம் பெறுவானாயின் அவன் வஞ்சிக்கின்றான். பெறும்போது எண்ணமிருந்து பின்னர் தராதொழிவானாயின் அது வஞ்சனையன்று, ஒப்பந்த மீறல் மட்டுமே என்பது அதன் கருத்து. சட்டநுட்பத்தால் இது நேரிய எடுத்துக்காட்டே. ஆனால் வரலாற்றில் வைத்து நோக்குக. அவுரிச்செடி தருபவன் வங்காளத்துக் குடியானவன். முற்பணம் கொடுப்பவன் ஐரோப்பியத் தோட்டத்துரை. அம்முற்பணத்தை வற்புறுத்தித் திணித்து, கடனைத் தலைமுறைக்கும் தீராததாக்கி, நெல் விளைந்த நிலத்தில் அவுரி விதைக்கச் செய்ததை எதிர்த்தே 1859–60 இல் வங்காளக் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். அதே 1860 இல் நிறைவேறிய சட்டத்தில், அவுரி பற்றிய எடுத்துக்காட்டில், ஏமாற்றக்கூடியவன் குடியானவன், ஏமாறக்கூடியவன் துரை. வினைச்சொல் அதுவே. எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறி நிற்கின்றன.

அதே ஆண்டில் தீனபந்து மித்திரர் 'நீலதர்ப்பணம்' என்ற நாடகத்தை எழுதி, தோட்டத்துரையை எழுவாயாக நிறுத்தினார். வங்காளியில் அது வழங்கியபோது துரைமார் பொறுத்திருந்தனர். 1861 இல் அதன் ஆங்கிலப் பெயர்ப்பு வெளிவந்தபோதோ, அதனை வெளியிட்ட ஜேம்ஸ் லோங் பாதிரியார்மீது அவதூறு வழக்குத் தொடுக்கப்பட்டு, அவருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபா தண்டமும் விதிக்கப்பட்டன. மூலத்தினும் மொழிபெயர்ப்பே ஆபத்தானதெனக் கருதப்பட்டமை நோக்கற்பாலது. 'துரை ஏமாற்றினான்' என்ற வாக்கியம் துரையின் மொழியிலேயே எழுதப்படுவதை அவ்வாட்சி தாங்கிக்கொள்ளவில்லை.

இலங்கையில் இதற்கு ஒப்பானது மலையகம். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணிமார். துரையிடமிருந்து பெரிய கங்காணிக்கும் அவரிடமிருந்து தொழிலாளிக்கும் முற்பணம் இறங்கியது. வழிச்செலவும் உணவும் அதன்மேல் ஏறின. தோட்டத்தில் முதல்நாள் கொழுந்தில் கைவைக்கும்போதே தொழிலாளி கடனாளி. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது அக்கடன் 'துண்டு' எனப்படும் சீட்டில் எழுதப்பட்டுக் கூடவே சென்றது. புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆளைப் பெற்றுக்கொண்டார். எழுத்தறியாத தொழிலாளிக்குத் தன் விலை எவ்வளவு என்பது தன் துண்டில் எழுதப்பட்டிருந்தும் தெரியாதிருந்தது.

சட்டம் இதனை எவ்வாறு பெயரிட்டது? 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைச் சிறைக்கனுப்ப வழிசெய்தது. பொய்யான நம்பிக்கை ஊட்டி ஆளைத் திரட்டியவரின் செயல், கோட்பாட்டளவில் 1883 ஆம் ஆண்டுக் கோவையின் வரையறைக்குள் அடங்கக்கூடியதே. ஆனால் ஊருக்கும் தோட்டத்துக்குமிடையே ஒரு கடலும், தொழிலாளிக்கும் நீதிமன்றத்துக்குமிடையே ஒரு துரையும் ஒரு கங்காணியும் இருந்தனர். ஆகவே ஒரு பக்கத்தின் வாக்குமீறல் குற்றமாயிற்று. மறுபக்கத்தின் வஞ்சனை கணக்காயிற்று. துண்டுமுறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவ்வாறு ஏமாற்றப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் முழு வரலாறும் 'கடன்', 'பற்று', 'செலவு' என்னும் கணக்குச் சொற்களாக மொழிபெயர்க்கப்பட்டு ஏடுகளிற் கிடக்கின்றது.

5

மேற்கண்ட நிகழ்ச்சிகள் காலத்தாலும் களத்தாலும் வேறுபட்டவை. எனினும் அவற்றின் அமைப்பில் ஓர் ஒற்றுமை உண்டு. இரு தரப்பும் ஒரே அளவில் அறிந்திராத ஓர் எழுத்து. அவ்வெழுத்தைத் தாங்கி நிற்கும் ஒரு கடன். 1638 இல் அது உடன்படிக்கையின் இரு படிகளும் போர்ச்செலவும். மலையகத்தில் அது துண்டும் முற்பணமும். இன்று மட்டக்குளி இளைஞன் கையிலுள்ள பிரசுரத்தில் அது இரு ஒப்பந்தங்களும் முகவர் பணமும். இவற்றை ஒன்றென்று சொல்வது வரலாற்றுணர்வற்ற செயலாகும். கம்பனியின் வணிகமூலதனமும், தோட்ட முதலாளியமும், எல்லைகடந்து உழைப்பைத் திரட்டும் இன்றைய சந்தையும் வெவ்வேறு கட்டங்கள். அரசனுக்குப் படை இருந்தது; குடியானவருக்குக் கிளர்ச்சி இருந்தது; தனியே புறப்படும் இளைஞனுக்கு அவை இரண்டும் இல்லை. ஆனால் கடன்பட்டவன் மறுக்கமுடியாதவன் என்ற அடிப்படை மூன்று கட்டங்களிலும் தொழிற்பட்டமை மறுக்கவியலாதது.

சட்டங்கள் மாறவில்லை என்பதுமில்லை. 1985 இன் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டு, உரிமமின்றி ஆட்திரட்டுவது குற்றமாக்கப்பட்டது. 2006 இல் ஏற்கப்பட்டு 2013 இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் சமவாயம், கப்பல் வேலை பெற்றுத்தருவதற்காக மாலுமியிடமிருந்து கட்டணம் அறவிடுவதைத் தடுக்கின்றது. தொழிலாளர் இயக்கங்கள் நெடுங்காலம் போராடிப் பெற்றவை இவை. ஆயினும் சட்டத்தை நாடுவதற்கு முதலில் முறைப்பாடு வேண்டும். முறைப்பாட்டுக்கு ஒரு வாக்கியம் வேண்டும். அவ்வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் வேண்டும். மொழிபெயர்ப்பாளனின் பொறுப்பு இங்குதான் தொடங்குகின்றது.

தமிழில் நமக்கு நான்கு வழிகள் உள்ளன. 'தொழிலாளர் ஏமாந்தனர்' என்றால் பழி ஏமாந்தவர்மேல் விழுகின்றது. அவர் விழிப்பாக இருந்திருக்க வேண்டும் என்ற அறிவுரை அதன் நிழலாகத் தொடர்கின்றது. 'ஏமாற்றமடைந்தனர்' என்றால் பழி எவர்மேலும் விழுவதில்லை. மழை பொய்த்தது போன்ற ஓர் இயற்கை நிகழ்வாக அது முடிகின்றது. 'ஏமாற்றப்பட்டனர்' என்றால் செய்தவர் உண்டு என்பது தெரிகின்றது, ஆனால் அவர் திரைக்குப் பின்னே நிற்கின்றார். 'முகவர் ஏமாற்றினர்' என்றால் மட்டுமே வாக்கியம் முறைப்பாடாகின்றது. இந்நான்கும் ஓர் ஆங்கில வினைக்கு 'சரியான' பெயர்ப்புகளே. அவற்றுள் எதனைத் தேர்வது என்பதை அகராதி தீர்மானிக்காது.

சொல்லின் வேரிலேயே அதன் உண்மை அடங்கியுள்ளது என்று நாம் கூறவில்லை. 'சீற்' என்று சொல்லும் ஆங்கிலேயர் எவரும் இன்று வாரிசற்ற நிலத்தை எண்ணுவதில்லை. 'எஸ்தாஃபார்' என்பவர் அங்கவடியை எண்ணுவதில்லை. சொற்கள் தம் தோற்றத்தை மறக்கின்றன. ஆனால் அவை வழங்கும் வாக்கியங்கள் சமூக உறவுகளை மறப்பதில்லை. துறைமுகத் தொழிலாளியின் 'பேய்க்காட்டுதல்' இலக்கியத் தகுதியற்ற சொல்லென நம் அறிஞர் சிலர் ஒதுக்கக்கூடும். அச்சொல்லின் சிறப்பு வேறெதிலுமில்லை: காட்டுபவன் ஒருவனும் காட்டப்படுபவன் ஒருவனும் இன்றி அது வாக்கியத்தில் நிற்காது. மனவாட்டம் என்ற பொருளுக்கு அது இன்னும் நழுவிவிடவில்லை. ஏட்டுமொழி இழந்துவரும் ஒரு கூர்மையைப் பேச்சுமொழி காத்துவைத்துள்ளது.

அப்பிரசுரத்தில் நாம் ஈற்றில் எழுதியது இது: முகவர் தொழிலாளரை ஏமாற்றுகின்றனர், இங்கே ஒரு கடதாசி, அங்கே வேறொரு கடதாசி. முதியவர் அதனை இருமுறை வாசிக்கச் செய்து கேட்டார். தம் சொல் இடம்பெறாமை பற்றி அவர் குறைகூறவில்லை. "இப்ப செய்தவன் ஆர் எண்டு தெரியுது" என்று மட்டும் சொன்னார். மொழிபெயர்ப்புக் கொள்கை பற்றி நாம் கற்ற நூல்கள் பலவற்றினும் அவ்வொரு வாக்கியம் எமக்குத் தெளிவு தந்தது.